செயற்குழுவுக்கு 12 பேர் வேண்டாம்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்,

நம் சங்கத்தின் புதிய யாப்பு (விதிமுறை) வரைவில் செயற்குழுவுக்கு 12 பேர் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இரட்டைப்படை வேண்டாம். நான் இருக்கிற கரீபியன் தீவான டிரினிடாட்டுக்குப் பக்கத்துத் தீவு டொபாகோ, இதே 12ஐ வைத்துக்கொண்டு 2021இல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டும் ஒரே நாடுதான், ஆனாலும் டொபாகோவுக்கு 1980 முதல் தனிச் சபை இருக்கிறது. 2021 ஜனவரித் தேர்தலில் 12 தொகுதிகளில் பிஎன்எம் (மக்கள் தேசிய இயக்கம்) கட்சிக்கு 6, வாட்சன் டியூக் தலைமையிலான பிடிபி (முற்போக்கு ஜனநாயக தேசபக்தர்கள்) கட்சிக்கு 6. சரி, பேசித் தீர்ப்பார்கள் என்று பார்த்தால், எங்கே! சபைத் தலைவரைத் தெரிவு செய்தால்தான் மற்ற வேலை எதுவும் தொடங்கும், அவரைத் தெரிவு செய்யவே 7 வாக்கு சேரவில்லை. பழைய நிர்வாகமே ஆட்சியில் தொடர்ந்தது. கடைசியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தொகுதிகளை 15 ஆக்கி, எல்லைகளை மறுபடி வரைந்து, டிசம்பர் 6ஆம் திகதி திரும்பவும் தேர்தல்.

இந்த முறை பிடிபிக்கு 14, பிஎன்எம்முக்கு 1! முதன்மைச் செயலாளராக, அதாவது தீவின் நிர்வாகத் தலைவராக இருந்த பிஎன்எம்மின் ஆன்சில் டென்னிஸே தன் தொகுதியில் தோற்றுப்போனார். பிஎன்எம்மில் தப்பியது டாரல் ஸ்பிரிங்/விம் தொகுதியில் நின்ற கெல்வன் மோரிஸ் மட்டும். எதிர்க்கட்சியும் அவரே, அதற்குத் தலைவரும் அவரே. வாக்குகள் ஒன்றும் 14க்கு 1 என்று பிரியவில்லை, தொகுதிவாரியாக எண்ணினால் இப்படித்தான் வந்து முடியும். செயற்குழுவுக்கு வட்டாரப் பிரதிநிதி முறை கேட்கிற நம் தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்புறம் நடந்தது இன்னும் வேடிக்கை. புதிய முதன்மைச் செயலாளர் ஃபார்லி அகஸ்டினுக்கும் கட்சித் தலைவர் டியூக்குக்கும் முட்டிக்கொள்ள, 2022 டிசம்பரில் அகஸ்டினும் இன்னும் 12 உறுப்பினர்களும் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையானார்கள். தொகுதி அதே, ஆள் அதே, சனம் வாக்குப் போட்ட கட்சி மட்டும் இல்லை. 2023இல் டொபாகோ மக்கள் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள்.

ஆகவே என் யோசனை 11 பேர். அதிலும் ஒருவர் கூட்டத்துக்கு வராவிட்டால் 10 ஆகிவிடும், நம் ஆட்கள் சூமில் வருகிற அழகு தெரியும்தானே. வாக்கு சமமானால் தலைவருக்கு இன்னொரு வாக்கா, திருவுளச்சீட்டா என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள். தெரிவின்போது தலைவரே இருக்கமாட்டார் என்பதால், தலைவர் தெரிவுக்கு மட்டும் சீட்டுத்தான் சரி என்பேன்.

செயலாளர் அண்ணா, திருத்தத்தைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.