புதுப்பிப்பு: அம்மாவின் புரையும் கண் அழுத்தமும்

ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரையோடு கிளாக்கோமாவும் (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேலத்தில் வலது கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, அம்மா நன்றாக இருக்கிறார்.

டாக்டர் கோனியாஸ்கோபி செய்து பார்த்தார், அதாவது கண்மேல் ஒரு லென்ஸை வைத்து உள்ளே இருக்கும் நீர் வடியும் மூலையைப் பார்ப்பது. அம்மாவுக்கு அது குறுகல். புரை முற்றி இயற்கை லென்ஸ் தடிக்கத் தடிக்க ஐரிஸை (கண்ணின் நிறமுள்ள திரையை) முன்னால் தள்ளி அந்த வழியையே அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் புரையை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தாலே அழுத்தம் இறங்கும் என்றார். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஈகிள் என்ற ஆய்வும், இந்த வகைக்கு லேசரால் ஐரிஸில் துளையிட்டுத் தொடங்குவதைவிட லென்ஸை எடுப்பது மேல் என்றுதான் காட்டியது, அதுவும் புரையே இல்லாதவர்களிடம். அம்மாவுக்குக் கண் அழுத்தம் 28 (மி.மீ. பாதரச அளவில்) இருந்தது இப்போது 16. பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு.

ஆனால் புரையால் மங்கியதுதான் திரும்பும், பார்வை நரம்பு செத்த இடம் திரும்பாது. சொட்டு மருந்து தொடர்கிறது. அம்மாவுக்கு ஆஸ்துமா (இளைப்பு) உண்டு என்பதால், அதைக் கூட்டிவிடக்கூடிய டிமோலால் என்ற சொட்டு மருந்தைத் தரவில்லை. உங்கள் வீட்டில் ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கூடப்பிறந்தவர்களுக்கும் கிளாக்கோமா வர வாய்ப்பு அதிகமாம். நாகலூர் மாமாவைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று மலை இறங்க மறுக்கிறார். அம்மாவே போய்ப் பேசுகிறேன் என்கிறார்.