தீபாவளி ஹேம்பர், கோயில் நன்கொடை, புகார்ப் பெட்டி: மலேசியச் செம்பனைத் தோட்டத்தில் கண்டவை (அனுபவப் பகிர்வு)

கணக்கறை, கோல சிலாங்கூர்
குத்தகையாளர்கள் ஹேம்பர் (பரிசுக்கூடை) தூக்கிவரும் காலம் நெருங்குகிறது. "இது நம்ம பழக்கம், லஞ்சமா?" என்று ஆண்டுதோறும் ஒரே கேள்வி. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வாங்கும் நிர்வாகியைப் பிடிக்கத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு வேறு பிரிவுகள் உண்டு. குத்தகையைப் பெறவோ தக்கவைக்கவோ கொடுத்தவரின் நிறுவனமும் அதை நடத்துபவர்களும்தான் 17ஏ-யில் மாட்டுவார்கள். கொடுத்த மதிப்பைப்போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இதில் எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே எல்லாக் குத்தகையாளருக்கும் கடிதம் அனுப்பிவிடுங்கள். அதையும் மீறி வந்தால், முகத்தில் அடித்தாற்போல் திருப்ப வேண்டாம். தேதி, கொடுத்தவர், உத்தேச மதிப்பு, பொருள் எங்கே போனது என்று பதிவேட்டில் எழுதி, முறுக்கையும் பழத்தையும் பொது அறையில் எல்லோருக்கும் பிரித்துவிடலாம். பண உறை மட்டும் அன்றே திரும்பிப் போக வேண்டும்.

ஆலயக்குழு
அண்ணே, ஹேம்பரைவிடத் திருவிழாதான் சிக்கல். பழக்குலை ஏற்றும் லாரிக் குத்தகை புதுப்பிக்கும் மாதத்தில் லாரிக்காரர் அன்னதானச் செலவை ஏற்பார். சாமி காரியம் என்பதால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டெண்டர் முடியும்வரை அவரிடம் வாங்காதீர்கள். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தலைவர் பெயரிலோ நிர்வாகி கை வழியாகவோ வேண்டாம்.

தணிக்கைப் பிரிவு, தெலுக் இந்தான்
ஆண்டறிக்கையில் "புகார்கள்: 0" என்று பெருமையாகப் போடுகிறார்கள். தோட்டத்தில் அதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பெட்டி அலுவலக வாசலில், கிராணியின் (எழுத்தர்) கண்ணெதிரே, சாவியும் அவரிடமே. துரைக்கு (தோட்ட நிர்வாகி) எதிராக எழுதிப்போட யாருக்குத் துணிச்சல் வரும்?

பெட்டியைக் கடைக்குப் பக்கத்திலோ லயத்துப் (தொழிலாளர் குடியிருப்பு) பாதையிலோ வையுங்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி தொழிலாளர் பிரதிநிதியிடம். நிர்வாகத்துக்கு வெளியே ஒரு வாட்ஸ்அப் எண். அறிவிப்பு தமிழ், மலாயோடு வங்காளம், நேப்பாளியிலும் இருக்கட்டும். தணிக்கை நேர்காணலுக்கு ஆளை மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) தேர்ந்தெடுக்கக் கூடாது, சம்பளப் பட்டியலிலிருந்து நீங்களே எடுங்கள். பெண்களிடம் பெண் அதிகாரி தனியாகப் பேச வேண்டும். "எல்லாம் நல்லா இருக்கு ஐயா" என்ற பதில் மரியாதைக்கு வருவது, சாட்சியம் ஆகாது. சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லி, "இந்தப் பிடித்தம் எதற்கு?" என்று கேளுங்கள், அப்போதுதான் பேச்சு வரும்.

இதில் கோட்டை விட்டால் விலை பெரிது. கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளைச் சுட்டி, 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது.

நூலகவாசி
துணிச்சல் வராததற்குப் பண்பாடும் காரணம். அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று காட்டும், டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெடின் அதிகார இடைவெளிக் குறியீட்டில் மலேசியாவுக்கு 104, பட்டியலிலேயே உச்சம். பிரிட்டனுக்கு 35.

தணிக்கைப் பிரிவு, தெலுக் இந்தான்
அது ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கு தம்பி, லயத்தில் எடுத்ததல்ல. துரை, கிராணி, கங்காணி என்ற படிக்கட்டை ரப்பர் காலத்தில் கட்டியதே அந்த 35 வாங்கிய நாட்டுக்காரர்கள்தான். எல்லாவற்றையும் 'மலேசியப் பண்பாடு' தலையில் கட்டினால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும்.

சங்கக்காரன்
சரியாகச் சொன்னீர்கள் ஐயா. துரை தண்ணீர் கொடுத்தார், வீடு கொடுத்தார் என்றே பழகிவிட்டோம். தொழிலாளர் குடியிருப்பு வசதிகளுக்கான 446ஆம் சட்டப்படி இலவசக் குழாய்த் தண்ணீர் முதலாளியின் கடமை, ஆண்டறிக்கையின் சமூகப் பொறுப்புப் பக்கத்தில் படம் போட அதில் ஒன்றுமில்லை. இந்தியாவில் 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அதில் சேராது. அந்த அளவுகோலை வைத்தால் நம் ஊர் அறிக்கைகளில் எத்தனை பக்கம் தேறும்?

லயத்து அக்கா
பாஸ்போர்ட்டையும் சொல்லுங்கள். "பத்திரமா இருக்கட்டும்" என்று அலுவலகத்தில் வாங்கி வைக்கிறார்கள். 1966 கடவுச்சீட்டுச் சட்டத்தில் அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதற்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

தணிக்கைப் பிரிவு, தெலுக் இந்தான்
ஆமாம் அக்கா. ஒப்புதல் கையெழுத்து இருக்கிறது என்று காட்டுவார்கள், செல்லாது. ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, இரவிலும் திறக்க முடிகிற இடத்தில். மாற்றுச்சாவி யாரிடம் என்று முதலில் கேளுங்கள்.