கலைச்சொல் உதவி: 'பிரைவேட் லைஃப்' தனிவாழ்வா, அகவாழ்வா?

வணக்கம் நண்பர்களே,

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை பற்றிய சிறு சட்டக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 8-ஆம் உறுப்பில் சிக்கி நிற்கிறேன். ஒருவரின் பிரைவேட் லைஃப், குடும்ப வாழ்வு, வீடு, கடிதத் தொடர்பு ஆகிய நான்கையும் மதிக்க வேண்டும் என்கிறது அது. பின் மூன்றுக்கும் சொல் இருக்கிறது. முதலாவதற்குத் 'தனியுரிமை' என்று போட்டேன். அடுத்த பக்கத்திலேயே 'தனியுரிமைக்கான உரிமை' என்று எழுத வேண்டி வந்தது. சகிக்கவில்லை.

சர்வைலன்ஸ் அடுத்த தொல்லை. 'கண்காணிப்பு' என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். "இக்குடும்பம் நான்கு ஆண்டுகள் அரசின் கண்காணிப்பில் இருந்தது" என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, அரசாங்கமாவது பார்த்துக்கிச்சே" என்றார். வேலையை அப்படியே நிறுத்திவிட்டேன். உதவுங்கள்.

— மா.

*

மா. அக்கா,

மென்பொருள் தமிழாக்கத்தில் பல ஆண்டுகளாகத் 'தனியுரிமை'தான். கைப்பேசி வைத்திருக்கும் எல்லோர் கண்ணிலும் பட்ட சொல். அதை மாற்றாதீர்கள். இரட்டிப்பு இடித்தால் 'தனியுரிமை' என்று மட்டும் எழுதுங்கள், உரிமை அதற்குள்ளேயே இருக்கிறதே. 'கண்காணிப்பு'ம் கேமராவுக்குக் கீழே பலகையில் தொங்கும் சொல். வேர்விட்ட சொல்லைப் பிடுங்கிப் புதிது நட்டால் தடுமாறப்போவது வாசகர்தான்.

— கு.

*

கு. சொல்வது செயலிக்குச் சரி, சட்டத்துக்குப் போதாது. 8-ஆம் உறுப்பின் வாசகத்தில் 'பிரைவசி' என்ற சொல்லே கிடையாது. அங்கே இருப்பது வாழ்வு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் வழக்குகள் புரியாது.

1992-இல் நீமீட்ஸ் என்ற ஜெர்மன் வழக்கறிஞரின் வழக்கு. அவருடைய அலுவலகத்தைச் சோதனை போட்டார்கள். அலுவலகத்துக்கு ஏது பிரைவேட் லைஃப் என்பது அரசின் வாதம். பிற மனிதர்களோடு உறவை உண்டாக்கி வளர்ப்பதும் அந்த வாழ்வில் அடக்கம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் 'தனி' என்ற முன்னொட்டே எனக்கு உறுத்துகிறது. தனியாக இருப்பதைக் காப்பதற்கு மட்டுமா இந்த உறுப்பு?

1984-இல் மலோன் வழக்கு. அவர் பிரிட்டனில் பழம்பொருள் வணிகர். தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த எண்ணை எப்போது சுழற்றினார், எவ்வளவு நேரம் பேசினார் என்று குறித்துக்கொள்ளும் ஒரு மீட்டர். பேச்சில் ஒரு சொல்கூட அதில் பதியாது. ஆனாலும் அவர் சம்மதமின்றி அந்தக் குறிப்பைக் காவல்துறையிடம் கொடுப்பதும் தலையீடுதான் என்றது நீதிமன்றம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொல் இதையும் தாங்க வேண்டும்.

— இரா.

*

அன்புள்ள தங்கைக்கு,

வழக்கறிஞர் தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். 'அகம்' என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது எதற்குத் தனி, அந்தரங்கம் என்றெல்லாம் அலைகிறோம்? அகம் உள்ளம், அகம் வீடு. காதலைப் பாடும் அகத்திணை என்பது ஒருவர்க்கொருவர் இடையே நிகழ்வது, தனித்திருப்பது அன்று. தாம் கூடித் துய்த்த இன்பத்தை இவ்வாறு இருந்தது என்று பிறர்க்குப் புலப்படச் சொல்ல முடியாததால்தான் அது அகம் என்று தொல்காப்பிய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே போய், "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று விதியே வைத்தார். அகப்பாட்டில் ஆளின் பெயர் வரக் கூடாது.

சங்கப் பாட்டான நெடுநல்வாடையைப் பாருங்கள். தலைவி பிரிவில் வாடுகிறாள், தலைவன் பாசறையில் இருக்கிறான். எங்கும் பெயர் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியன் அடையாளம். அதனால் அது அகம் அன்று, வெளியுலகைப் பாடும் புறம் என்றார் உரையாசிரியர். ஒரு வேப்பந்தழை ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மலோனின் மீட்டரும் அந்த வேப்பந்தழைதான்! ஆகவே 'அகவாழ்வு'. சர்வைலன்ஸுக்கு வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். வேறு என்ன வேண்டும்?

— புலவர்

*

புலவர் ஐயா, நெடுநல்வாடை பற்றிச் சொன்னதை இனி மறக்க மாட்டேன். ஆனால் அகவாழ்வு என்று அட்டையில் போட்டால் பாதிப் பேர் தியான நூல் என்று எடுத்துப் போவார்கள். 'ஒற்றாடல்' இன்னும் ஆபத்து. "எல்லார்க்கும் எல்லாம் நிகழ்பவை எஞ்ஞான்றும் வல்லறிதல் வேந்தன் தொழில்" என்கிறது 582-ஆம் குறள். எல்லாருக்கும் நடப்பதை எல்லாம் எந்நாளும் அறிவது அரசன் வேலை என்றால், நாங்கள் எதிர்த்து வாதாடுவதே அதைத்தானே? அந்தச் சொல் அரசு தரப்புக்குச் சாட்சி சொல்லிவிடும்.

— இரா.

*

தம்பி, அடுத்த இரண்டாம் குறளையும் படியுங்கள். வினைசெய்வார், தம் சுற்றம், வேண்டாதார். அரசனின் அலுவலர், அரசனின் உறவினர், அரசனின் பகைவர். குடிமக்களின் அடுப்படி அந்தப் பட்டியலில் இல்லை. அதிகாரத்தில் இருப்பவரை நோக்கித் திருப்பிய கண் அது. இப்போது கண் திசைமாறிவிட்டது என்றால் குற்றம் சொல்லின் மேல் இல்லை.

— புலவர்

*

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத் தோட்டப் பின்னணி. 'கண்காணிப்பு' பராமரிப்பாகக் கேட்கிறது என்று மா. எழுதியதைப் பார்த்து வியப்பாக இருந்தது. கண்காணிதான் கங்காணி, தோட்டத் தொழிலாளரை மேய்க்கும் மேற்பார்வையாளர். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) யார் வரவில்லை, எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கங்காணிக்குத் தெரியும் என்று பாட்டி சொல்வார். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லில் அன்பு கேட்டதே இல்லை.

'அந்தரங்கத்துவம்' என்று உலக மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழில் 12-ஆம் உறுப்பில் இருக்கிறது. அதையும் ஒரு வார்த்தை பேசுங்களேன்.

— லோ.

*

லோ., அந்தரங்கம் என்றதும் வார இதழ் கேள்வி பதில்தான் நினைவுக்கு வருகிறது. ஒட்டுக்கேட்கப்பட்ட ஒருவர், ஏதோ வெட்கப்பட வேண்டியதை மறைத்தவர் போல ஆகிவிடுவார். அது வேண்டாம்.

'வேவு' எப்படி? 'அரசு வேவு பார்த்தது' என்றால் யாருக்கும் ஐயம் வராது.

— கு.

*

வேவு மறைவாகச் செய்வதற்கு மட்டும் பொருந்தும். 1978-இல் ஜெர்மனியின் ஒட்டுக்கேட்புச் சட்டத்தை எதிர்த்த கிளாஸ் வழக்குக்கு அருமையாகப் பொருந்தும். தாங்கள் ஒட்டுக்கேட்கப்பட்டோமா என்பதே மனுதாரர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அங்கே பிரச்சினையே. ஆனால் தெருக் கேமரா ஒளிவுமறைவு இல்லாதது. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் கைரேகையையும் மரபணுத் தகவலையும் வைத்துக்கொண்டது தவறு என்று 2008-இல் வந்த தீர்ப்பில் யாரும் வேவு பார்க்கவில்லை, சேமித்துத்தான் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் கிடைக்காது.

— இரா.

*

நண்பர்களே, நாளை வெள்ளி. ஐந்து பேர் தனிமடலில் 'தனிவாழ்வு' போதும் என்கிறார்கள், அதையே போடுகிறேன். உரிமையைச் சொல்லும் இடத்தில் 'தனிவாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் உரிய மதிப்பு'. பொதுவாகக் 'கண்காணிப்பு', மறைவாக நடந்த இடங்களில் 'வேவு'. 'தனியுரிமை'யை மென்பொருளுக்கே விட்டுவிடுகிறேன். நிறைவு இல்லை, நேரமும் இல்லை.

அம்மாவிடம் மறுபடி படித்துக் காட்டினேன். "இக்குடும்பத்தை அரசு நான்கு ஆண்டுகள் வேவு பார்த்தது." நிமிர்ந்து பார்த்து, "எதுக்காம்?" என்றார்.

— மா.

*

தங்கைக்கு,

கையேடு நல்லபடி வெளிவரட்டும். தனிவாழ்வு என்றால் மணமாகாதவர் வாழ்வு என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, பக்கத்திலேயே குடும்ப வாழ்வு வருவதால் இன்னும் கூடுதலாக. அகவாழ்வு என்ற என் முன்மொழிவை நான் திரும்பப் பெறவில்லை. அடுத்த பதிப்பு வேலை தொடங்கும்போது ஒரு மடல் போடுங்கள்.

— புலவர்