16 இன்ச் ரிம்மும் தோட்டத்து ரோடும்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

மைவி 1.3, சுங்கை சிப்புட்

தீபாவளி போனஸ் வந்த வாரமே ஈப்போ போய் ஸ்போர்ட் ரிம் பூட்டிய ஆள் நான். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

கார் 2013 பெரோடுவா மைவி. வாங்கும்போது வந்த டயர் 175/65 ஆர்14. நான் போட்டது 16 இன்ச் ரிம், 195/45 டயர். சும்மா அழகுக்காகப் போடவில்லை, கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த எண், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 175இல் 65 சதவீதம் 113.75. மேலும் கீழும் சேர்த்தால் 227.5. அதோடு 14 இன்ச் ரிம்மின் 355.6. மொத்த விட்டம் 583 மில்லிமீட்டர். புது டயருக்கும் இதே மாதிரி போட்டுப் பார்த்தேன், 582 வந்தது. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. மீட்டர் பொய் சொல்லாது, மட்கார்டிலும் உரசாது. பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. பெரிய ரோட்டை விட்டு இறங்கினால் செம்பனைக்கு நடுவே நாலு கிலோமீட்டர் செம்மண் பாதை. குலை ஏற்றிய லோரிகள் மழை நாளிலும் ஓடுவதால் முழுக்கக் குழி. தண்ணீர் நின்றுவிட்டால் எது குழி, எது ரோடு என்றே தெரியாது. பழைய டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையே 114 மில்லிமீட்டர் ரப்பர் இருந்தது. புதியதில் 88 தான். மூன்றாவது வாரம், முன் இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ரிம்மின் ஓரம் வளைந்திருந்தது, டயரின் பக்கத்தில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். உள்ளே இருக்கும் நூல் அறுந்தால்தான் அப்படி வீங்குமாம், அதை ஒட்டவும் முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்டா" என்றார்.

வீரா 1.5, பீடோர்

அண்ணே, நீங்களாவது கணக்குப் போட்டீர்கள். எனக்கு மாமா கொடுத்தார், நான் போட்டேன், அவ்வளவுதான். அவருடைய பழைய காரிலிருந்து கழற்றிய 15 இன்ச் ரிம், 195/60 டயரோடு. என் புரோட்டான் வீராவுக்கு 175/70 ஆர்13. அதன் விட்டம் 575, இதன் விட்டம் 615. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

தனியாக ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தைப்பூசத்துக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு மேட்டிலும் பின்னால் 'சர்ர்' என்று உரசல். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தால் முன்னாலும் அதே கதை. பாட்டி காரில் பாம்பு இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டார். ஹைவேயில் இன்னொரு கூத்து. முன்பெல்லாம் மீட்டர்தான், போனில் வழிகாட்டும் வேஸ் ஆப் காட்டும் வேகத்தைவிட இரண்டு மூன்று கூடக் காட்டும். அன்றைக்கு மீட்டரில் 100, வேஸில் 105. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடுகிறது, மீட்டருக்கு அது தெரியாது. 110இல் போகிறேன் என்று நினைத்து எத்தனை நாள் அதற்கு மேல் ஓட்டினேனோ.

மைவி 1.5, கோலகங்சார்

எனக்கு டயர் சைஸ் சரி, ரிம் சைஸும் சரி. ஆனால் 90ஐத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்கும். மூன்று முறை பேலன்சிங், ஒரு முறை அலைன்மென்ட். காசு போனதுதான் மிச்சம். அப்சார்பரையும் மாற்றச் சொன்னார்கள். நல்ல வேளை, மாற்றவில்லை.

விஷயம் நடு ஓட்டையில் இருந்தது. மைவியின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் காரின் பாகம், 54.1 மில்லிமீட்டர். நான் வாங்கிய ரிம்மின் ஓட்டை 73.1, பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகச் செய்தது. நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் பிசிடி (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பொருந்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன். பெரோடுவா, புரோட்டான் இரண்டிலும் பல கார்களுக்கு அதே அளவு என்பதால் யார் ரிம்மும் யார் காரிலும் ஏறிவிடுகிறது. ஏறுவது வேறு, நடுவில் உட்காருவது வேறு. 73.1க்கு 54.1 ஹப் ரிங் நாலு வாங்கிப் போட்டேன். நடுக்கம் அன்றோடு நின்றது. மிகச் சின்ன பிளாஸ்டிக் வளையம், கோபம்தான் வந்தது.

டயர் கடையில் வேலை, சித்தியவான்

எல்லோரும் விட்டத்தையே பேசுகிறீர்கள். சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்க எண்ணையும் பாருங்கள். அது எடை. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 80 என்றால் 450. கம்பெனி கொடுத்ததற்குக் குறைவாக நான் போட்டுத் தரமாட்டேன், சண்டை போட்டாலும் சரி. ஐந்து பேரோடு உரசிய தம்பி இதையும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் ஆஃப்செட், அதாவது ரிம்மின் அகலத்தின் நடுவிலிருந்து அது ஹப்பில் ஒட்டும் இடம் வரை உள்ள தூரம். 45க்குப் பதில் 35 வாங்கினால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். இளைஞர்களுக்கு அந்த நிற்பு பிடிக்கிறது. மட்கார்டைத் தாண்டி டயர் நின்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவுக்கும் பிடிக்கும், சம்மன் எழுத. செக்கண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் டயரில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள். 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்தது. டயரின் பூ, அதாவது ரோட்டில் படும் வரிப் பள்ளங்கள், நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், ரப்பர் காய்ந்திருக்கும்.

மைவி 1.3, சுங்கை சிப்புட்

நன்றி அண்ணே. என் 16 இன்ச் டயரில் இருப்பது 80, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் முதல்முறையாகப் படித்தேன். சைஸும் காற்றின் அளவும் அதிலேயே இருக்கிறது.

போன வாரம் 15 இன்ச்சுக்கு இறங்கினேன். 185/55, விட்டம் 584, பக்கச் சுவர் 102, எடை எண் 82. பார்க்கவும் மோசமில்லை. தோட்டத்து ரோட்டில் ஓட்டுகிறவன் 15ஐத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி, யார் என்ன சொன்னாலும்.

வளையாத 16 இன்ச் ரிம் மூன்று, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள். வீடமைப்புத் தாமானில் இருப்பவர்கள் மட்டும்.