மறு: கேட்சருக்குத் தமிழ் (திங்களுக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் இதழுக்காக அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஜாஷ் கிப்சன் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. பேஸ்பால் 'கேட்சர்' என்பதற்குச் சொல் தேவை. கிரிக்கெட்டில் யார் வேண்டுமானாலும் கேட்ச் பிடிக்கலாம். இங்கே அது ஒருவருக்கே உரிய இடம். முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டி, அடிப்பவருக்குப் பின்னால் குத்தவைத்து, என்ன பந்து வேண்டும் என்று எறிபவருக்குத் தொடைகளுக்கு நடுவே விரலால் காட்டுபவர். 'பிடிப்பாளர்' சரியா?

----

அம்மா, 'பற்றுநர்' என்க. பிடிப்பு என்றால் இடுப்புப் பிடிப்புதான் நினைவுக்கு வரும். 'பற்றாளர்' வேண்டாம், மொழிப்பற்றாளர் வரிசையில் போய்விடும். 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்ற குறளில் வினையும் பெயருமாக நிற்கும் வேர் இது.

இன்னொன்று. 'கருப்பினத்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கருப்பு பஞ்சம்; நிறம் கறுப்பு. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' (சினத்தைக் குறிப்பவை) என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் தொல்காப்பியர் நிறத்துக்கும் உரியது என்கிறார்.

----

ஐயா, அந்த வெகுளி இந்தக் கட்டுரைக்குப் பொருந்தும். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணிகளில் ஆடிய கிப்சனுக்கு, வெள்ளையர் மட்டுமே ஆடிய மேஜர் லீக்குகள் கடைசிவரை கதவு திறக்கவில்லை. 1947 ஜனவரி 20இல், 35 வயதில் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15இல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் புரூக்ளின் அணிக்கு ஆட இறங்கினார். கிப்சன் கல்லறைக்கு 1975 வரை பெயர்க்கல் கிடையாது. கறுப்பினத்தவர் லீக் கணக்குகளை மேஜர் லீக் 2024இல்தான் தன் ஏட்டில் சேர்த்தது, 0.372 அடிப்புச் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி இப்போது கிப்சனே முதலிடம்.

இவ்வளவு காத்திருந்தவரைப் பிள்ளைகள் அகராதி புரட்டாமல் தெரிந்துகொள்ள வேண்டும். 'பிடிப்பாளர்' போதும்.

----

பிள்ளைகளுக்குப் புரியாதா? பள்ளிக் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் எழுதுகிறார்களே! எறிநர், பற்றுநர் என்று இணையாகவும் அமைகிறது.

----

இரண்டுமே கையோடு நின்றுவிடுகின்றன. களத்தில் மற்ற எட்டுப் பேரும் அடிப்பவரைப் பார்த்து நிற்க, இவர் ஒருவர்தான் களம் முழுவதையும் பார்க்கிறார். 'களங்காணி' என்று பார்க்கலாமா? கங்காணி நினைவு வருமோ என்பதுதான் தயக்கம்.

----

நன்றி. 'பிடிப்பாளர்' என்றே போகிறது. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'கேட்சர்' இருக்கும். கறுப்பு திருத்திவிட்டேன், ஐயா.

----

கறுப்புக்கு மகிழ்ச்சி. பிடிப்பாளருக்கு என் உடன்பாடு இல்லை என்பதை இழையில் பதிந்துவைக்கிறேன். நூலாக வரும்போது மறுபடி கேட்பேன்.