சாக்லேட் சிஸ்ட் இருந்தும் குழந்த தங்குன அக்காங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம், நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், வயசு 32. பீரியட்ஸ் வந்தா பொன்ஸ்தான் வலி மாத்திர போட்டும் நிமிந்து நிக்க முடியாது, ஸ்கேன்ல இடது ஓவரில, அதான் சினைப்பையில, 4 சென்டிமீட்டர் சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்குன கட்டி), எண்டோமெட்ரியோசிஸாம், கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றதாம். ஒரு டாக்டர் லாப்ரோஸ்கோப்பி (சின்ன ஓட்ட போட்டு பண்ற ஆபரேஷன்) பண்ணி எடுத்துடலாங்குறாங்க, இன்னொருத்தரு ஆபரேஷன்ல முட்ட இருப்பு கொறையலாம் முதல்ல அத பாக்குற ஏஎம்எச் ரத்த டெஸ்ட் எடுங்கன்றாரு, யாரு சொல்றத கேக்குறது? வலிக்கு குடுத்த டைனோஜெஸ்ட் மாத்திர சாப்பிடுறப்ப கரு தங்காதுன்னு நிறுத்திட்டேன், இப்ப வலி உயிர் போகுது. மாமியார் வேற கோயில் கோயிலா நேந்துக்குறாங்க, அவங்க மகன் மட்டும் செமன் (விந்து) டெஸ்ட்டுக்கு வரமாட்டாராம்!

ஐவிஎஃப்புக்கு (டெஸ்ட் டியூப் குழந்த முறை) இபிஎஃப் சேமநிதி காசு எடுத்தவங்க இருந்தா என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு சொல்லுங்க. ஈப்போல பொறுமையா பேசுற லேடி டாக்டர் தெரிஞ்சா பிஎம் பண்ணுங்க லா. ரிலாக்ஸா இரு தானா தங்கும்னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.