வேடர்ஸில் தொடர்ந்து நீர் கசிகிறது: அடுத்து எந்த வகையை வாங்குவது?

ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போடுவதற்காக நான் அணியும், மார்பு வரை வரும் நீர்புகா உடையான வேடர்ஸில் மூன்று மாதங்களாக நீர் கசிகிறது. வியர்வை ஆவியை வெளியேற்றும் மெல்லிய துணியாலான, பாதத்தில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரையாலான காலுறை இணைந்த வகை அது; வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தொடையளவு நீரில் அரை மணி நேரம் நின்றால், இடது முழங்காலின் உட்புறத் தையலோரம் சில்லென்று ஈரம் இறங்கி, கரையேறும்போது உள்ளே அணிந்த காலுறை சொதசொதவென்று ஆகிவிடுகிறது. வலது கால் உலர்ந்தே இருப்பதால், இது வியர்வை அன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

உடையை உட்புறமாகத் திருப்பி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்தபோது கரும்புள்ளிகளாகத் தெரிந்த நான்கு துளைகளையும் யூரித்தேன் பசையால் அடைத்து, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டேன். ஆயினும் இரண்டாவது முறை ஆற்றில் இறங்கியபோதே தையலை மூடும் நாடா உரியத் தொடங்கிவிட்டது. இனி ஒட்டிப் பயனில்லை.

குளிர்ந்த நீரில் நெடுநேரம் அசையாமல் நிற்கிறேன்; இடம் மாறும்போது வழுக்குப் பாறைகள் மீது ஒரு மணி நேரமாவது நடக்கிறேன். நியோப்ரீன் வெதுவெதுப்பாக இருந்தாலும் நடக்கையில் புழுங்கும் என்பதே என் தயக்கம்.

இந்தப் பயன்பாட்டுக்கு 3.5 மி.மீ. நியோப்ரீன் வேடர்ஸ் ஏற்றதா, அல்லது முழங்காலில் கூடுதல் அடுக்கு வைத்த மெல்லிய துணி வகையை வாங்கி உள்ளே கம்பளி உடை அணிவது ஏற்றதா?